விஸ்கான்சின் மான் வேட்டைப் பருவம்: முதன்முறையாக அழைக்கப்பட்டவர்களின் கேள்விகளும் பதில்களும்

விஸ்கான்சினில் குடியேறிய தமிழர்களுக்கு நவம்பர் தொடக்கத்தில் ஓர் அழைப்பு வரும். உடன் வேலை செய்பவரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, பெண் கொடுத்த குடும்பமோ, "இந்த முறை எங்களோடு டீர் கேம்ப்புக்கு வாருங்கள்" என்பார்கள். டீர் கேம்ப் என்றால் மான் வேட்டைக்காகக் குடும்பமும் நண்பர்களும் கூடித் தங்கும் காட்டு வீடு. அவர்கள் தங்கள் குடும்பத்துக்குள் நம்மை அழைக்கிறார்கள் என்பது பலருக்குப் புரிவதில்லை. துப்பாக்கி, ரத்தம், குளிர் ஆகியவற்றை நினைத்துத் தயங்கி மறுத்துவிடுகிறார்கள். நான் பல ஆண்டுகளாக இந்தப் பருவத்தில் நண்பர்களின் குடும்பங்களோடு வடக்குக் காடுகளுக்குப் போய்வருகிறேன். புதிதாக வருபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பருவம் எப்போது? எத்தனை நாள்?

துப்பாக்கி வேட்டைக்கான முக்கியப் பருவம் ஒன்பது நாட்கள். நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி, அதற்கு அடுத்த ஞாயிறு முடியும். முதல் சனிக்கிழமைக்கு இங்கே இருக்கும் மரியாதையை வெளியிலிருந்து வருபவர்கள் நம்பமாட்டார்கள். தொழிற்சாலைகளில் பலர் மாதக்கணக்கில் முன்பே விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை வடக்கே போகும் நெடுஞ்சாலைகளில், தீபாவளிக்கு ஊருக்குப் போகும் கூட்டம்போல வண்டிகள் வரிசையாக நகரும். மாநிலம் முழுவதும் 5 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் உரிமம் வாங்கும் பருவம் இது.

வேட்டையாடப்படுவது வெண்வால் மான். ஓடும்போது வாலைத் தூக்குவதால் அடியிலுள்ள வெள்ளை பளிச்சென்று தெரியும். நவம்பர் நடுப்பகுதி அவற்றின் இனச்சேர்க்கைக் காலம். ஆண் மான்கள் எச்சரிக்கையை மறந்து அலையும். முதல் சனிக்கிழமைக்கு இவ்வளவு எதிர்பார்ப்பு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் மானைச் சுட்டால் சிறை. இங்கே எப்படி அனுமதிக்கிறார்கள்? பாவமில்லையா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனமில்லை.

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. அங்கிருந்த நிலைமைக்கு அது தேவைப்பட்டது. விஸ்கான்சினின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கேயும் மான்கள் கண்மூடித்தனமாகக் கொல்லப்பட்டன. இறைச்சியை ரயிலேற்றி நகரங்களில் விற்றார்கள். பிறகு உரிமம், பருவம், 1915-ல் ஆளுக்கு ஓர் ஆண் மான் மட்டும் என்ற விதி என்று கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. பெண் மான்கள் காப்பாற்றப்பட்டன. இன்னொரு பக்கம் ஓநாய்களை மனிதர்கள் கொன்று தீர்த்தார்கள். 1960-ஐ ஒட்டி இம்மாநிலத்தில் ஓநாயே இல்லை என்றாகிவிட்டது. மின்னசோட்டாவிலிருந்து அவை திரும்பி வந்தது 1970-களின் நடுவில்தான். அதற்குள் மான்கள் காட்டின் தாங்கும் திறனை மிஞ்சிவிட்டன. குளிர்காலத்தில் இளமரக் கன்றுகளையெல்லாம் மேய்ந்து தீர்த்துவிட்டு, உண்ண எதுவும் இல்லாமல் கூட்டங்கூட்டமாகப் பட்டினியில் செத்தன.

இதை உரக்கச் சொன்னவர் வனவுயிர் அறிஞர் ஆல்டோ லியோபோல்ட். மாநில இயற்கைப் பாதுகாப்பு ஆணையத்தில் அவர் உறுப்பினராக இருந்த 1943-ல் பெண் மான்களையும் சுட அனுமதி தரப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தார்கள், அவரைக் கடுமையாக ஏசினார்கள். காட்டைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது சரியென்றே தோன்றும். மான் மிகுந்த காட்டில் ஹெம்லாக், வெள்ளை சீடர் மரங்களின் கன்றுகள் தலைதூக்குவதே இல்லை. பெரிய மரங்கள் நிற்கின்றன, அவற்றுக்குக் கீழே அடுத்த தலைமுறை இல்லை.

இன்று இம்மாநிலத்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் உள்ளன. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாகனங்களில் மோதிச் சாகின்றன, மனிதர்களும் சாகிறார்கள். ஆகவே எந்தப் பகுதியில் எத்தனை பெண் மான்களைச் சுடலாம் என்று ஆண்டுதோறும் திட்டமிட்டு அனுமதிச் சீட்டு தருகிறார்கள். 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி உண்டு. அந்தப் பணம் வனவுயிர்ப் பணிகளுக்காக மாநிலங்களுக்குப் போகிறது.

பாவமா என்பதற்கு உங்கள் மனம்தான் பதில் சொல்ல வேண்டும். கொல்லாமையைக் கடைப்பிடிப்பவரை நான் வற்புறுத்தமாட்டேன், எந்த நல்ல கேம்ப்பும் வற்புறுத்தாது. ஆனால் கடையில் பொட்டலமிட்ட இறைச்சி வாங்கிச் சாப்பிடுபவர் மான் வேட்டைக்காரரைக் கொடியவர் என்று சொன்னால் நான் வாதிடுவேன். சுதந்திரமாக வளர்ந்த விலங்கு, ஒரே குண்டில் விழும் சாவு, வீணாகாத இறைச்சி. மூன்றும் சேர்ந்தால் அது நேர்மையான உணவு. மூன்றில் ஒன்றை அலட்சியம் செய்பவனோடு நான் காட்டுக்குப் போகமாட்டேன்.

நான் விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடலாமா?

மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு இருக்கிறது. உரிமம் கைக்கு வரும்வரை நண்பரின் துப்பாக்கியைக் கூடக் கையில் வாங்காதீர்கள், விளையாட்டுக்காகப் படம் எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. எந்த நிலையில் இருந்தாலும் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒரு மானுக்காகப் பல ஆண்டு உழைப்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

உரிமம் எப்படி வாங்குவது? வகுப்புக்குப் போக வேண்டுமா?

'கோ வைல்ட்' என்ற மாநில அரசின் இணையதளத்திலோ, வேட்டைப் பொருள் கடைகளிலோ வாங்கலாம். 30 நாட்களாக இம்மாநிலத்தில் நிரந்தரமாக வசித்துவந்தால் உள்ளூர்க்காரருக்கான கட்டணம்தான். வெளிமாநிலத்தவருக்குப் பல மடங்கு அதிகம்.

1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறியிருக்க வேண்டும். தேறாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு: வழிகாட்டி ஒருவர் கை நீட்டினால் தொடும் தூரத்திலேயே எப்போதும் இருக்க, அவர் பொறுப்பில் வேட்டையாடலாம். முதல் ஆண்டு இப்படிப் போவது நல்லது. ஆனால் இரண்டாம் ஆண்டுக்குள் வகுப்பை முடித்துவிடுங்கள். பெரும்பாலும் உள்ளூர்த் தன்னார்வலர்கள்தான் பாடம் நடத்துகிறார்கள். அந்த அறையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்க வெட்கப்பட வேண்டியதில்லை.

டீர் கேம்ப் என்பது என்ன?

காட்டுக்குள் ஒரு பழைய மரவீடு. சிலருக்குத் தாத்தா கட்டியது, சிலருக்கு நான்கு நண்பர்கள் சேர்ந்து வாங்கியது. விறகடுப்பு, அடுக்குக் கட்டில்கள், சுவர் முழுக்கக் கொம்புகள், மங்கிப்போன புகைப்படங்கள். சில இடங்களில் குழாய்த் தண்ணீரும் இருக்காது.

அங்கே ஒழுங்கு எழுதப்படாமலே நடக்கும். மூத்தவர் உட்காரும் நாற்காலியில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். யார் எந்தப் பரணுக்குப் போவது என்று வெள்ளி இரவே அவர் சொல்லிவிடுவார். சமையல் ஒருவர் பொறுப்பு, விறகு ஒருவர் பொறுப்பு. பழைய கதைகள் ஒவ்வோர் ஆண்டும் அதே வரிசையில் வரும், கேட்பவர்களும் அதே இடத்தில் சிரிப்பார்கள். சீட்டாட்டம் நிச்சயம் உண்டு. ஜெர்மானியக் குடியேறிகள் கொண்டுவந்த ஷீப்ஸ்ஹெட், இல்லாவிட்டால் யூக்கர். அந்த ஆண்டு இறந்துபோனவரின் பெயரைச் சொல்லி ஒரு கோப்பையை உயர்த்துவார்கள். அப்பனும் மகனும் ஆண்டு முழுவதும் பேசாததை இந்த அடுப்பருகில் பேசித் தீர்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முன்பு இது ஆண்கள் மட்டுமே போகும் இடமாக இருந்தது. இப்போது மகள்கள், மருமகள்கள், பாட்டிகள் எல்லோரும் வருகிறார்கள். நான் பார்த்தவரை அதிகப் பொறுமையோடு காத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு பெரிய பாத்திரம் பிரியாணியோ கோழிக் குழம்போ கொண்டுபோனால், அடுத்த ஆண்டு அழைப்பு தானாக வரும். வீட்டுச் செலவில் உங்கள் பங்கை முதல் நாளே கேட்டுக் கொடுத்துவிடுங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

என்ன உடுத்துவது?

இடுப்புக்கு மேல் வெளியே தெரியும் உடையில் குறைந்தது பாதி பளிச்சிடும் ஆரஞ்சு நிறமாக இருக்க வேண்டும். தொப்பி போட்டால் அதற்கும் இதே விதி. 1980 முதல் இது சட்டம். 2016 முதல் பளிச்சிடும் இளஞ்சிவப்பும் செல்லும். மானின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் நமக்குத் தெரிவதுபோல் எடுப்பாகத் தெரியாது. மனிதன் கண்ணில் கட்டாயம் படும்.

பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் உலராது, உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி உள்ளாடை, கம்பளிக் காலுறை, சற்றுத் தளர்வான பூட்ஸ். வெப்பநிலை உறைநிலைக்குப் பத்து டிகிரி கீழே போகலாம். நீங்களோ அசையாமல் உட்கார்ந்திருப்பீர்கள். நடந்து போகும்போது மேல்கோட்டைக் கழற்றிக் கையில் எடுத்துப் போய், பரணில் ஏறிய பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

விடியும் முன்பே எழுந்து, கருப்புக் காபியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு, இருட்டிலேயே பரணுக்கு நடக்க வேண்டும். சூரிய உதயத்துக்கு 30 நிமிடம் முன்பிருந்து, மறைந்து 20 நிமிடம் வரைதான் சுடலாம். நவம்பர் பிற்பகுதியில் ஏழு மணி வாக்கில் விடிந்து, நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும்.

அதன்பின் காத்திருப்புதான். அணில் இலையில் ஓடுவது மான் நடப்பதுபோலவே கேட்கும். சிக்கடிக் குருவி துப்பாக்கிக் குழலில் வந்து உட்காரும். கைபேசியை அணைத்து வையுங்கள். ஒன்பது நாட்களில் இந்த மௌனத்தைத்தான் நான் மிகவும் விரும்புகிறேன்.

வாரத்தின் நடுவில் மான்கள் உஷாராகிவிட்டால் 'டிரைவ்' போடுவார்கள். சிலர் காட்டை ஊடுருவி நடந்து மான்களைக் கிளப்ப, மற்றவர்கள் மறுமுனையில் நிற்பார்கள். தேங்க்ஸ்கிவிங் அன்று காலை மட்டும் வேட்டை. மதியம் வான்கோழி விருந்துக்கு எல்லோரும் வீடு திரும்பிவிடுவார்கள்.

குண்டடி படும் ஆபத்து எவ்வளவு?

வகுப்புகளும் ஆரஞ்சு உடையும் வந்த பிறகு விபத்துகள் பெருமளவு குறைந்துவிட்டன. ஆனாலும் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை ஒரே கேம்ப்பைச் சேர்ந்தவர்களுக்குள்ளோ, தன் துப்பாக்கியால் தனக்கோதான். சுட்டவர் அண்ணனாக இருப்பார், அடிபட்டவர் தம்பியாக இருப்பார். ஆகவே நான்கு விதிகளை மனத்தில் பதித்துவிடுங்கள். எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினைக்க வேண்டும். குழல் எப்போதும் ஆபத்தில்லாத பக்கம் பார்க்க வேண்டும். இலக்கு என்ன, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். சுடத் தயாராகும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் உயிர்நாடி. ரைஃபிள் குண்டு மானைத் துளைத்துக்கொண்டும் வெகுதூரம் போகும். மானுக்குப் பின்னால் மேடு இல்லாமல் வானம் தெரிந்தால் சுடாதீர்கள். புதரில் அசைவு தெரிகிறது, பழுப்பு நிறம் தெரிகிறது என்பதற்காகச் சுடாதீர்கள். தொலைநோக்கியால் பாருங்கள், துப்பாக்கியில் பொருத்திய லென்ஸால் பார்க்காதீர்கள். அப்படிப் பார்த்தால், தெரிவது மனிதனாக இருந்தால், அவன் மேல் ஏற்கெனவே குறி வைத்துவிட்டீர்கள். டிரைவ் நடக்கும்போது நடப்பவர்கள் இருக்கும் திசையில் சுடவே கூடாது. எவ்வளவு பெரிய கொம்பு ஓடினாலும் சரி.

இன்னொன்று, பரணிலிருந்து விழுவது. பல குடும்பங்களில் கை கால் முறிந்ததும் உயிர் போனதும் இதனால்தான். தரையை விட்டுக் கால் எடுத்ததிலிருந்து மீண்டும் தரை தொடும்வரை பாதுகாப்புப் பட்டை உடம்பில் இருக்கட்டும். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். தோட்டாவை எடுத்துவிட்டு, மேலே போனபின் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளுங்கள். மது என்றால், அன்றைய துப்பாக்கிகள் எல்லாம் காலியாக்கி உள்ளே வைத்த பிறகுதான். இதில் தளர்ந்த கேம்ப் என்று தெரிந்தால், எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் கிளம்பி வந்துவிடுங்கள்.

யாருடைய காட்டில் வேட்டையாடலாம்?

பொது நிலம் ஏராளம். வடக்கில் செகுவாமெகன்-நிகோலெட் தேசியக் காடு மட்டுமே ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கர். தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. அடிபட்ட மான் வேலி தாண்டி ஓடினாலும் கேட்டுவிட்டுத்தான் பின்தொடர வேண்டும்.

இது சாதாரண மரியாதை மட்டுமல்ல. 2004 நவம்பரில் சாயர் கவுண்டியில், தனியார் நிலத்துப் பரண் ஒன்றில் ஹ்மாங் இனத்தவர் ஒருவர் அமர்ந்திருந்ததால் தொடங்கிய வாக்குவாதம் துப்பாக்கிச் சூடாகி ஆறு பேர் இறந்தார்கள். அதன் பிறகு இங்குள்ள ஹ்மாங் வேட்டைக்காரர்கள் நீண்ட காலம் சந்தேகப் பார்வையைச் சுமந்தார்கள். லாவோஸ் மலைகளிலிருந்து அகதிகளாக வந்த அவர்கள் பரம்பரையாக வேட்டையாடுபவர்கள். காட்டில் யாரையாவது சந்தித்தால் நீங்களே முதலில் கையசைத்துப் பேசுங்கள். வரைபடம் கைபேசியில் இருக்கட்டும். எல்லையில் சந்தேகம் வந்தால் பின்வாங்குங்கள். யாராவது கோபமாகப் பேசினால் பதில் பேசாமல் விலகி வந்து, வனக் காவலரிடம் சொல்லுங்கள்.

மான் விழுந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. சுட்டவுடன் ஓடாதீர்கள். அரை மணி நேரம் காத்திருந்தால் மான் அருகிலேயே படுத்து உயிர்விடும். துரத்தினால் வலியோடு மைல்கணக்கில் ஓடும். ரத்தத் தடத்தைப் பார்த்துப் பின்தொடருங்கள். இருட்டினாலும், பனி பெய்தாலும் தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் கடமை. நல்ல கேம்ப்பில் ஒருவர் மானைத் தேடும்போது மற்ற எல்லோரும் தங்கள் வேட்டையை விட்டு வந்து உதவுவார்கள்.

கண்டதும் கையுறை போட்டு, வயிற்றைக் கீறிக் குடலை நீக்க வேண்டும். இரைப்பையும் சிறுநீர்ப்பையும் கிழியக் கூடாது, கிழிந்தால் இறைச்சி கெடும். உடம்புச் சூடு எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறதோ அவ்வளவு நல்லது. முதல் முறை கை நடுங்கும், வாடை தாங்காது. மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தருவார். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கற்றுக்கொள்ளுங்கள். விலங்கின் உயிரை எடுத்தவர் அதன் உடலைத் தன் கையால் தொட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மான் கைக்குக் கிடைத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் 'கேம்ரெக்' அமைப்பில் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்ய வேண்டும். 2015-க்கு முன்பு மானைப் பெட்ரோல் நிலையத்துக்கோ மதுக்கடைக்கோ கொண்டுபோய்ப் பதிந்தார்கள். அதைப் பார்க்கவே ஊர் கூடும். அந்தக் கூட்டம் இன்று இல்லை என்று பெரியவர்கள் வருந்துவதில் நியாயம் இருக்கிறது.

குழுவாக வேட்டையாடும்போது ஒருவருடைய அனுமதிச் சீட்டுக்கு இன்னொருவர் சுட இம்மாநிலச் சட்டம் இடம் தருகிறது. கருவி உதவியின்றி, பார்வையிலோ குரல் எட்டும் தூரத்திலோ சீட்டுக்கு உரியவர் இருக்க வேண்டும். வீட்டில் தூங்குபவரின் சீட்டுக்குச் சுடுவது குற்றம்.

மான்களுக்கு ஏதோ நோயாமே?

ஆம். சி.டபிள்யூ.டி. எனப்படும் மூளைச் சிதைவு நோய், 2001-ல் சுடப்பட்ட மான்களைச் சோதித்தபோது 2002 பிப்ரவரியில் மேடிசனுக்கு மேற்கே மவுண்ட் ஹோரப் அருகே இம்மாநிலத்தில் முதலில் தெரியவந்தது. பிரியான் என்ற உருமாறிய புரதத்தால் வருகிறது. சமைத்தாலும் அது அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதிப்பட்ட நிகழ்வு இதுவரை இல்லை. ஆனாலும் நோய் உறுதியான மானை உண்ண வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையின் அறிவுரை.

சோதனை இலவசம். தலையைக் கழுத்தின் ஒரு பகுதியோடு வெட்டி, அதற்கென வைத்திருக்கும் பெட்டியில் விட்டு வந்தால் போதும். முடிவு வரும்வரை இறைச்சியைப் பெயர் எழுதித் தனியாக உறைய வையுங்கள். மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல், நிணநீர்க் கட்டிகளைத் தொடாமல் எலும்பு நீக்கி வெட்டுங்கள். பிள்ளைகள் உண்ணும் வீட்டில் சோதிக்காமல் சமைப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இறைச்சியை எப்படிச் சமைப்பது?

கொழுப்பு மிகக் குறைவு. முதல் இரவு முதுகுத்தண்டை ஒட்டிய மென்சதையை வெண்ணெயிலும் வெங்காயத்திலும் வாட்டிக் கேம்ப்பிலேயே சாப்பிடுவார்கள். சோதனை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் அந்தச் சுவையைத் தள்ளிப்போடலாம். தொடையும் தோளும் நம் வறுவலுக்கும் குழம்புக்கும் மிகப் பொருத்தம். மிளகும் சோம்பும் சின்ன வெங்காயமும் போட்டு, நல்லெண்ணெய் சற்றுத் தாராளமாக விட்டு, குக்கரில் ஆட்டிறைச்சியைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேகவிடுங்கள். பருவ நாட்களில் இறைச்சிக் கடைகள் தொத்திறைச்சியும் உப்புக்கண்டமும் செய்து தருகின்றன. மிஞ்சினால் 2000-ம் ஆண்டு முதல் நடக்கும் மாநில மான் நன்கொடைத் திட்டத்தில் கொடுக்கலாம். அது உணவு வங்கிகள் வழியாக ஏழைக் குடும்பங்களுக்குப் போய்ச் சேரும்.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

போகலாம். வழிகாட்டியோடு வேட்டையாடக் குறைந்தபட்ச வயது என்று எதுவும் 2017-க்குப் பிறகு இல்லை. ஆனாலும் குழந்தை தானாகக் கேட்கும்வரை காத்திருங்கள். முதல் ஆண்டு துப்பாக்கி இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அக்டோபரில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கென இரண்டு நாள் தனிப் பருவம் உண்டு. குளிரும் குறைவு, கூட்டமும் குறைவு.

சுடாமல் கூட வரலாமா?

தாராளமாக. சமைக்கலாம், தடம் தேடலாம், மானை இழுத்துவர உதவலாம். காட்டுக்குள் நடக்கும்போது நீங்களும் ஆரஞ்சு உடை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்பது நாளும் ஒன்றும் கிடைக்காவிட்டால்?

பலருக்கும் கிடைப்பதில்லை. அவர்களுக்கு மற்றவர்கள் பங்கு கொடுப்பது வழக்கம், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பருவமும் அதோடு முடிவதில்லை. மறுநாளே குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கிகளுக்கான பத்து நாட்கள் தொடங்கும். பிறகு டிசம்பரில் கொம்பில்லா மான்களுக்கு நான்கு நாட்கள் உண்டு. வில் பழகியவர்களுக்குச் செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம்வரை வாய்ப்பு இருக்கிறது. தேதிகளையும் உங்கள் பகுதிக்கான சீட்டு விவரத்தையும் மாநில இயற்கை வளத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் கையேட்டில் சரிபார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.